சீட்டு தொலைந்தால் சுவடியும் தொலைந்தது!

நெல் மூட்டை முதல் கம்ப்யூட்டர் வரை ஒரே கதை

ஜூன் மாதம் வந்துவிட்டால் தஞ்சைச் சீமையில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். "மேட்டூர் திறந்தாச்சா?"

தண்ணீர் வருகிறது என்ற செய்தி வந்ததும் விதைக் கடைகளில் கூட்டம் சேரும். குறுவைக்கு விதை நெல் வாங்க வேண்டுமே! மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் ஒரு சிறிய சீட்டு தைத்திருக்கும்.

அந்தச் சீட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் விஷயம் தெரிந்த விவசாயி முதலில் அதைத்தான் பார்ப்பார்.

சீட்டு மஞ்சளாக இருந்தால் அது வல்லுநர் விதை. வெள்ளையாக இருந்தால் ஆதார விதை. நீலமாக இருந்தால் சான்று விதை. பயிர் என்ன, ரகம் என்ன, எந்தக் குவியலைச் சேர்ந்தது, எந்தத் தேதியில் சோதித்தார்கள், எதுவரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சோதனை நாளிலிருந்து 9 மாதம் வரை சான்று செல்லும்.

சீட்டு கிழிந்து போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்?

அனுபவசாலி ஒருவர் நெல்லைக் கையில் அள்ளி, உமியைத் தேய்த்துப் பார்த்து, "இது ஆடுதுறை 43 மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். ஆடுதுறை 43 சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும். குறுவைக்கு ஏற்றது. சி.ஆர். 1009 என்றால் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அது சம்பாவுக்கு உரியது. அதுவரை சரி. ஆனால் அது எந்த வருடத்து விதை? எந்தத் தேதியில் சோதித்தது? அதை எவ்வளவு பெரிய அனுபவசாலியாலும் கையால் தடவிச் சொல்ல முடியாது.

நெல் அப்படியே இருக்கிறது. ஒரு மணிகூடக் குறையவில்லை. ஆனாலும் விதை நெல் வெறும் நெல் ஆகிவிட்டது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான் நடக்கிறது. கடிதம், பத்திரம், புத்தகம், போட்டோ எல்லாமே இன்று கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் பைல்களாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு பைலுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதற்கு "மெட்டாடேட்டா" என்று பெயர். தமிழில் மீத்தரவு என்கிறார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறது. பொருள் மிகச் சுலபம். தகவலைப் பற்றிய தகவல்! நெல் என்பது தகவல் என்றால், மூட்டைச் சீட்டு மெட்டாடேட்டா.

இந்தச் சீட்டின் அருமையைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. தஞ்சாவூர் அரண்மனைக்குள் நுழைந்தால் போதும்.

சரபோஜி சேர்த்த செல்வம்

அரண்மனைக்குள் இருக்கிறது சரசுவதி மகால் நூல் நிலையம். நாயக்க மன்னர்கள் காலத்தில் தொடங்கியது. மராட்டிய மன்னர்கள் காலத்தில் வளர்ந்தது. 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர்தான் அதை மலைபோல் பெருக்கியவர். பண்டிதர்களை நாலா திசைக்கும் அனுப்பினார். சுவடிகளை விலைக்கு வாங்கினார். விலைக்குக் கிடைக்காதவற்றைப் பிரதி எடுக்கச் சொன்னார். ஐரோப்பிய மொழிப் புத்தகங்களையும் தருவித்தார். அவற்றில் பலவற்றில் அவருடைய கையெழுத்தை இன்றும் காணலாம். "இது என்னுடைய புத்தகம்" என்று மன்னர் வைத்த சீட்டு அது.

வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி என்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இங்கே இருக்கின்றன. இவ்வளவும் இருந்து என்ன பயன்? வேண்டியதை எடுக்கத் தெரிய வேண்டுமே!

ஓலைச் சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாம் ஒரே நிறம். ஒரே வடிவம். மேலும் கீழும் பலகை, நடுவே ஏடுகள், துளையில் ஒரு கயிறு. வைத்தியமும் அப்படித்தான். சோதிடமும் அப்படித்தான். காவியமும் அப்படித்தான். அச்சுப் புத்தகத்தைப்போல அட்டையில் பெரிய எழுத்தில் பெயர் இருக்காது. பிரித்துப் பார்த்தாலும் உடனே விளங்காது. புள்ளி வைக்காத எழுத்து. சொல்லும் சொல்லும் ஒட்டிக்கிடக்கும். நாற்பதாயிரம் சுவடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தேடுவதென்றால் ஓர் ஆயுள் போதாது!

மராட்டிய அரசர்களின் அலுவலகக் கணக்குகள் 1,300-க்கு மேற்பட்ட கட்டுகளாக இருக்கின்றன. அவை மோடி எழுத்தில் எழுதியவை. விரைவாக எழுதுவதற்காக ஏற்பட்ட எழுத்து அது. இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். 1981-ல் தஞ்சையில் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் மோடி ஆவணங்களில் சிலவற்றைத் தமிழாக்கி நூலாக வெளியிட்டது. இத்தகைய கட்டு ஒன்றின்மேல் "இதில் இருப்பது இது" என்று ஒரு வரி இருந்தால் எவ்வளவு பெரிய உதவி!

பர்னல் துரை போட்ட எண்

1855-ல் தஞ்சை அரசு வெள்ளையர் கைக்குப் போயிற்று. பிறகு தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர் ஆர்தர் பர்னல் என்ற ஆங்கிலேயர். வடமொழியில் வல்லவர். அவர் அரண்மனைச் சுவடிகளை எடுத்துப் பார்த்தார். வகை பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். அந்தப் பட்டியல் 1880-ல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. இரண்டே ஆண்டில், 1882-ல், பர்னல் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 42-தான்.

1918-ல் நூல் நிலையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பி.பி. சுப்பிரமணிய சாஸ்திரி என்பவர் வடமொழிச் சுவடிகளுக்கு இன்னும் விரிவான விளக்கப் பட்டியல் தயாரித்தார். 1928 முதல் 1934 வரை 19 தொகுதிகள்! ஸ்ரீரங்கம் வாணி விலாச அச்சகத்தில் அச்சிட்டார்கள். தமிழ்ச் சுவடிகளுக்கு உலகநாத பிள்ளை பட்டியல் போட்டார்.

சாஸ்திரியின் பட்டியலில் ஒவ்வொரு சுவடிக்கும் என்னென்ன எழுதியிருக்கிறது தெரியுமா?

பர்னல் கொடுத்த பழைய எண். எழுதியிருப்பது ஓலையிலா, காகிதத்திலா? நீள அகலம். ஏடுகள் எத்தனை? பக்கத்துக்கு எத்தனை வரி? எந்த எழுத்து? எத்தனை கிரந்தம்? ஆசிரியர் யார்? முழுமையாக இருக்கிறதா, குறையா? முதலில் சில வரிகள். முடிவில் சில வரிகள்.

வெறும் கணக்குப்பிள்ளை வேலைபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

"பழைய எண் எதற்கு? புது எண் போட்டாயிற்றே" என்று கேட்கலாம். 1880-க்குப் பிறகு எத்தனையோ அறிஞர்கள் தங்கள் நூல்களில் பர்னல் எண்ணைக் குறித்திருப்பார்கள். பழைய எண்ணைக் கைவிட்டால் அந்தப் புத்தகங்களைப் படிப்பவர்கள் சுவடியைத் தேடி அலைவார்கள். புது விலாசத்துக்குக் குடிபோனவர் பழைய தபால்காரரிடம் சொல்லிவைப்பதைப் போன்றது இது.

கிரந்தம் என்றால் 32 எழுத்து கொண்ட ஓர் அளவு. ஏடு எழுதுவோருக்குக் கூலி போட இந்தக் கணக்கு உதவியது. இன்னொரு பயனும் உண்டு. இந்த நூல் 2,000 கிரந்தம் என்று குறிப்பு இருக்கிறது. கையில் இருக்கும் சுவடியிலோ 1,500-தான் தேறுகிறது என்றால், நடுவில் எங்கோ ஏடு போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இன்று கம்ப்யூட்டரில் ஒரு பைலை இறக்கினால் அது முழுதாக வந்ததா என்று அளவை வைத்துப் பார்க்கிறார்களே, அதேதான்!

மொழி வேறு, எழுத்து வேறு. இதையும் பட்டியலில் தனித்தனியாகக் குறித்தார்கள். வடமொழி நூல் கிரந்த எழுத்தில் இருக்கும், தெலுங்கு எழுத்திலும் இருக்கும், தேவநாகரியிலும் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள் அல்லவா? மொழி தமிழ்தான். எழுத்து வேறு. தட்டுவது சுலபம். தமிழ் எழுத்தில் தேடுகிறவர்களுக்கு மட்டும் அது அகப்படாது.

எந்தக் குரோதி?

ஏட்டை எழுதி முடித்தவர் கடைசியில் ஒரு குறிப்பு எழுதுவது வழக்கம். இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன தேதியில், இன்னார் எழுதி முடித்தது என்று இருக்கும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சிலர் வேண்டிக்கொள்வார்கள். பாவம், விளக்கு வெளிச்சத்தில் எழுத்தாணி பிடித்தவர்கள்!

அந்தக் குறிப்பில் ஒரு சங்கடம். "குரோதி வருடம் ஆவணி மாதம்" என்று மட்டும் இருந்தால் எந்தக் குரோதி? தமிழ் வருடங்கள் 60. சுற்றிச் சுற்றி வரும். 2024-ல் பிறந்தது குரோதி. 1964-லும் குரோதி. 1904, 1844, 1784 எல்லாமே குரோதிதான்! எழுதியவருக்கு அதில் சந்தேகம் இல்லை. அவர் வாழ்ந்த குரோதி ஒன்றே ஒன்றுதானே! தலைமுறைகள் கழித்துப் படிப்பவர்தான் தலையைச் சொறிந்துகொள்கிறார். சகாப்த வருடத்தையோ கொல்லம் ஆண்டையோ சேர்த்து எழுதிய புத்திசாலிகளும் உண்டு. அவர்கள் எழுதிய ஏட்டுக்குக் காலம் சொல்வது சுலபம்.

இந்தச் சங்கடம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு பைலில் 5-6-2024 என்று தேதி இருக்கிறது. நம் ஊரில் அது ஜூன் 5. அமெரிக்காவில் மே 6! அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். இதற்காகவே உலகத் தரம் ஒன்று 1988-ல் வந்தது. முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள். 2024-06-05 என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. பைல்களும் தாமாகவே கால வரிசையில் நின்றுகொள்ளும்.

பெயர் இழந்த புலவர்கள்

சீட்டு தொலைந்ததால் நேர்ந்த பெரிய இழப்பு ஒன்று தமிழர்களுக்கு உண்டு.

புறநானூற்றில் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் சிறு குறிப்பு இருக்கும். என்ன திணை, என்ன துறை, யாரை யார் பாடியது என்பது அதில் இருக்கும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தபோது அந்தக் குறிப்புகளையும் சேர்த்தே பதிப்பித்தார். பாட்டு நான்கைந்து வரியாகக்கூட இருக்கலாம். ஆனால் இன்ன அரசனைப் பாடியது என்ற குறிப்பு இருப்பதால் அது வரலாறும் ஆகிறது. சில பாட்டுகளில் குறிப்பே சிதைந்து போயிற்று. அங்கே அறிஞர்களும் திகைத்து நிற்கிறார்கள்.

குறுந்தொகையில் 40-ஆவது பாட்டு எவ்வளவு புகழ் பெற்றது! செம்மண்ணில் விழுந்த மழைநீர் மண்ணோடு கலந்துவிடுவதைப்போல இரண்டு நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லும் பாட்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை எழுதியவர் யார்? செம்புலப்பெயனீரார்.

அது அவருடைய பெயர் அல்ல! தாய் தந்தையர் வைத்த பெயர் தொலைந்துபோயிற்று. பாட்டில் வரும் சொல்லையே எடுத்து அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்மண்ணில் பெய்த நீர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இப்படிப் பெயர் பெற்றவர்கள் வேறு சிலரும் உண்டு. அணிலாடு முன்றிலார் ஒருவர். தேய்புரிப் பழங்கயிற்றினார் இன்னொருவர். எந்த ஊர்? ஆணா, பெண்ணா? ஒன்றும் தெரியாது. பாட்டு பிழைத்தது. பாடியவர் பிழைக்கவில்லை.

நானூறு பேருக்கு ஒரே மாதிரி

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று அரண்மனையிலிருந்து சற்றுத் தூரத்தில், பெரிய கோவிலிலேயே இருக்கிறது.

ராஜராஜ சோழன் பெரிய கோவிலில் பணி செய்ய 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடிவைத்தான். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இந்த விவரத்தைக் கல்லில் வெட்டினார்கள். எப்படி வெட்டினார்கள் என்பதுதான் அதிசயம். தெரு எது? தென்சிறகா, வடசிறகா? எத்தனையாவது வீடு? எந்த ஊர், எந்தக் கோவிலிலிருந்து வந்தவள்? பெயர் என்ன? நானூறு பேருக்கும் இதே முறை!

ஒரே பெயர் பலருக்கு இருந்தது. ஆனாலும் குழப்பம் இல்லை. எந்தக் கோவிலிலிருந்து வந்தவள், எத்தனையாவது வீடு என்பதை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். அரசனின் பண்டாரத்தில் நெல் அளந்தவனுக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. நெல் வாங்கியவர்களும் இல்லை, அளந்தவர்களும் இல்லை. ஆனால் மூன்றாவது வீட்டில் யார் இருந்தாள் என்று இன்றும் சொல்ல முடிகிறது.

எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. மெட்டாடேட்டாவின் இரகசியமே இதுதான். ஒரு சுவடிக்கு ஆசிரியர் பெயர் மட்டும், இன்னொன்றுக்குத் தேதி மட்டும், மூன்றாவதற்கு "நல்ல நூல்" என்று மட்டும் எழுதி வைத்தால் பட்டியல் இருந்தும் இல்லாததுதான்.

டப்ளினில் கூடிய கூட்டம்

1995 மார்ச் மாதம் அமெரிக்காவில் டப்ளின் என்ற ஊரில் நூல் நிலையக்காரர்களும் கம்ப்யூட்டர்க்காரர்களும் கூடினார்கள். (அயர்லாந்தின் தலைநகர் டப்ளின் அல்ல. ஓகையோ மாநிலத்தில் உள்ள சிறிய ஊர்.) இன்டர்நெட்டில் மலைபோல் குவியும் பைல்களுக்கு என்ன சீட்டு ஒட்டுவது என்று யோசித்தார்கள். அதன் பயனாக "டப்ளின் கோர்" என்ற முறை உருவானது. மொத்தம் 15 தலைப்புகள். நூலின் பெயர், ஆக்கியோன், பொருள், விளக்கம், வெளியிட்டவர், தேதி, மொழி, வடிவம், அடையாள எண், உரிமை என்று போகிறது பட்டியல். சரசுவதி மகால் பட்டியலைப் புரட்டியவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது!

இந்தியாவில் 2003-ல் தேசிய சுவடிகள் இயக்கம் தொடங்கியது. நாடெங்கும் உள்ள சுவடிகளுக்கு ஒரே மாதிரிப் படிவத்தில் விவரம் எழுதச் செய்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-ல் திறக்கப்பட்டது. பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.

படம் பிடிப்பது பாதி வேலைதான். ஓலையைப் படம் பிடித்தால் கம்ப்யூட்டருக்கு அது வெறும் படம். அதில் எழுதியிருப்பது திருக்குறளா, மாட்டு வைத்தியமா என்று அதற்குத் தானாகத் தெரியாது. ஆயிரம் ஏடுகளைப் படம் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் பெயர் வைத்துவிட்டால் என்ன ஆகும்? கட்டவிழ்ந்து தரையில் கொட்டிய ஏடுகளின் கதிதான். ஓலையின் ஓரத்திலாவது ஏட்டு எண் இருக்கும்.

எழுத்துக்கூட்டும் ஒரு தொல்லை. ஒருவர் சரபோஜி என்று எழுதுகிறார். இன்னொருவர் சரபோசி என்கிறார். காவிரி என்பது ஒருவர் வழக்கம். காவேரி என்பது மற்றவர் வழக்கம். மனிதனுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் இரண்டு. ஒன்றைத் தேடினால் மற்றது வராமல் போகலாம். அதனால் நல்ல நூல் நிலையங்களில் பெயருக்கு ஒரு முடிவான வடிவம் வைத்திருப்பார்கள். மற்ற வடிவங்களையும் பக்கத்தில் குறித்துவைப்பார்கள். பழைய கம்ப்யூட்டர்களில் பல விதத் தமிழ் எழுத்து முறைகள் இருந்தன. அந்த முறையில் தட்டிய தலைப்புகள் இன்று திறந்தால் கோணல்மாணலாகத் தெரிகின்றன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. இனித் தட்டுவதை யூனிகோடில் தட்டினால் அந்தக் கவலை இல்லை.

மூலப் பத்திரம் எங்கே?

இதெல்லாம் பண்டிதர்கள் கவலை, வீட்டுக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம்.

நிலத்தின்பேரில் கடன் கேட்டுப் போகிறார் ஒருவர். மூலப் பத்திரம் வேண்டும் என்கிறார்கள். அப்பா உயிரோடிருந்தபோது எல்லாப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்தார். மகன் திறந்து பார்க்கிறார். ஸ்கேன் 001, ஸ்கேன் 002, ஸ்கேன் 003... நூற்றிருபது வரை போகிறது! எது மூலப் பத்திரம், எது வரி ரசீது, எது பெரியப்பா பங்குக்கு உரியது? தேதியைப் பார்க்கலாம் என்றால் எல்லாவற்றிலும் 2016 என்று இருக்கிறது. அது ஸ்கேன் செய்த தேதி. பத்திரம் எழுதிய தேதி அல்ல! 1962-ல் எழுதிய பத்திரத்துக்குக் கம்ப்யூட்டர் 2016 என்றுதான் சொல்லும். கேட்டு வாங்கி எழுதினால் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

பைலின் பெயரிலேயே விவரத்தை வைக்கலாம். "1962 கிரையப் பத்திரம் நன்செய்" என்று வைத்தால் அதுவே பாதிச் சீட்டு. ஆனால் பைலின் பெயர் மூட்டைமேல் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியது போன்றது. ஒருவர் மாற்றிவிடலாம். அனுப்பும்போதும் மாறலாம். வாட்ஸ்அப்பில் போன போட்டோ வேறு பெயரோடுதான் போய்ச் சேருகிறது.

உள்ளேயே தைத்து வைக்கும் சீட்டும் உண்டு. வேர்டில் கடிதமோ மனுவோ தட்டினால் "பைல்" என்பதை அழுத்தி "இன்போ" என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே "பிராப்பர்ட்டிஸ்" என்று இருக்கும். தலைப்பு, எழுதியவர், பொருள், தேடுசொற்கள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீசிலும் இதே பெயரில் உண்டு. பி.டி.எப். ஆக மாற்றுவதாக இருந்தால், மாற்றுவதற்கு முன்பே இதை எழுதிவிடுவது நல்லது. பிறகு மாற்ற வேறு சாமான்கள் தேவைப்படும். போட்டோவுக்கு, கம்ப்யூட்டரில் அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி "பிராப்பர்ட்டிஸ்", பிறகு "டீடெயில்ஸ்" என்று போனால் தலைப்பு எழுதலாம்.

காட்டிக்கொடுத்த சீட்டு!

சீட்டில் நாம் எழுதாததும் இருக்கும். இது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய விஷயம்.

செல்போனில் போட்டோ எடுத்தால் தேதி, மணி, எந்தப் போன் என்பதெல்லாம் தாமாகவே பதிவாகும். இட வசதி திறந்திருந்தால் எந்த இடத்தில் எடுத்தது என்பதும் பதியும்.

ஜான் மக்காபி என்பவர் கம்ப்யூட்டர் வைரஸ் தடுப்பு வியாபாரத்தில் கோடீசுவரர் ஆனவர். 2012-ல் அவர் தலைமறைவாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொலையான விஷயமாக அவரை விசாரிக்க பெலிஸ் நாட்டுப் போலீசார் தேடிக்கொண்டிருந்தார்கள். அவரோடு இருந்த பத்திரிகைக்காரர்கள் அவருடைய போட்டோ ஒன்றைப் பெருமையாக வெளியிட்டார்கள். எந்த ஊர் என்று எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று! போட்டோவின் சீட்டிலேயே இடம் பதிந்திருந்தது. அவர் குவாதமாலா நாட்டில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. சில நாளில் அங்கே பிடிபட்டார்.

2003-ல் பிரிட்டிஷ் அரசு ஈராக்கைப் பற்றிய அறிக்கை ஒன்றை வேர்டு பைலாகவே வெளியிட்டது. அதைத் தட்டித் திருத்தியவர்களின் பெயர்கள் பைலுக்குள் ஒளிந்திருந்தன. வெளியார் ஒருவர் தோண்டி எடுத்துவிட்டார். அரசுக்குப் பெரிய சங்கடம்!

வீட்டுக்கு வருவோம். குழந்தையின் போட்டோவை வீட்டு வாசலில் எடுத்து ஊர் முழுக்க அனுப்புகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இட விவரம் உரிந்துவிடும். "டாக்குமெண்ட்" என்று அனுப்பினால் உரியாது, அப்படியே போகும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதே "டீடெயில்ஸ்" பக்கத்தின் அடியில் சொந்த விவரங்களை நீக்கும் வசதி இருக்கிறது. பொது இடத்தில் போடுமுன் ஒரு தரம் அழுத்தினால் போதும். ஆனால் மூலப் பிரதியில் கைவைக்க வேண்டாம். நீக்கிய பிரதி வேறு, வீட்டில் வைக்கும் பிரதி வேறு.

பாட்டியும் பேரனும்

டெல்டாவில் பழைய வீடுகளில் கூடத்துச் சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ தொங்கும். கறுப்பு வெள்ளை. முப்பது நாற்பது பேர் வரிசையாக நின்றிருப்பார்கள். சில போட்டோக்களின் பின்புறம் பென்சிலால் பெயர்கள் எழுதியிருக்கும். பலவற்றில் இருக்காது. "எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள்தானே" என்று விட்டிருப்பார்கள். குரோதி என்று மட்டும் எழுதியவரைப் போல!

அப்படி ஒரு போட்டோவைப் பேரன் ஸ்கேன் செய்து, பாட்டி பக்கத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

"முன் வரிசையில இடது கோடியில யாரு பாட்டி?"

"அது எங்க சின்ன மாமா. வெண்ணாத்தங்கரையில இருந்தாங்க. எழுதிக்க."

"பக்கத்துல?"

"அவங்க சம்சாரம். கையில இருக்கிறது உங்க பெரியத்தை. அப்ப ஆறு மாசக் குழந்தை."

"எந்த வருஷம் பாட்டி?"

"குரோதி வருஷம், தை மாசம். பொங்கல் கழிஞ்ச அடுத்த வாரம்."

பேரன் யோசித்து 1965 ஜனவரி என்று தட்டுகிறான். பக்கத்திலேயே குரோதி, தை என்றும் சேர்க்கிறான். ஊர், வீடு, மாப்பிள்ளை, பெண், ஒவ்வொரு வரிசையாக நின்றவர்கள் என்று பெயர்கள் ஏறுகின்றன. பாட்டிக்கு முப்பத்தேழு பேர் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் தூணோரம் ஒருவர். தோளில் துண்டு, பக்கத்தில் தவில். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்க்கிறாள்.

"முகம் தெரியுது. பேரு வரலையேப்பா."

"சரி பாட்டி" என்று சொல்லிவிட்டுப் பேரன் அந்த இடத்தில் தட்டுகிறான்: "தவில்காரர். பெயர் தெரியவில்லை."